பிரேக் போட்ட இடத்தில் கரடி

1

இந்தக் கதை ஒரு புதரிலிருந்து பிறந்தது. அலங்காரமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே புதர்தான். என் அண்ணி போன மாதம் ஒருநாள் சுற்றுலா போய் வந்தார். காலையில் காடு, மதியம் பழைய அரண்மனை, சாயங்காலம் ஆற்றங்கரை என்று ஒரே வேனில் அத்தனையையும் காட்டி, இருட்டுவதற்குள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுகிற சுற்றுலா. அன்றைக்கே எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு போட்டோ வந்து விழுந்தது. கீழே 'கரடி' என்று எழுதி ஆச்சரியக்குறிகளை அள்ளித் தெளித்திருந்தார். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு புதர் இருந்தது. பக்கத்தில் அதைவிடக் கொஞ்சம் சின்னதாக இன்னொரு புதர் இருந்தது.

உடனே போன் போட்டேன்.

"அண்ணி, கரடி எங்க?"

"நடுவுலதான் இருக்கு. கறுப்பா."

"அது நிழல் அண்ணி."

"நிழலுக்குக் காது இருக்குமா?"

"காது எங்க இருக்கு?"

"போட்டோல விழல. நேர்ல இருந்துச்சு. வேன்ல இருந்த எல்லாரும் பாத்தோம். கைடே கை நீட்டிக் காட்டினாங்க. வேணும்னா உங்க அண்ணனைக் கேளு. இல்ல, அவரைக் கேக்காத, அவரு தூங்கிட்டு இருந்தாரு."

என் அண்ணி பொய் சொல்கிறவர் இல்லை. காஸ் தீரப்போகிறது என்று அவர் சொன்னால் அன்றைக்கே தீர்ந்துவிடும். அப்படிப்பட்டவர் ஒரு புதருக்குக் காது வைத்துப் பார்த்திருக்கிறார் என்றால், அந்த வேனுக்குள் என்னவோ நடந்திருக்கிறது. அது என்ன என்று தெரிந்துகொள்ளும் அரிப்புதான் என்னை எழுத உட்காரவைத்தது. எனக்குத் தெரிந்தது புதர் மட்டும். மிச்சமெல்லாம் இட்டுக்கட்டியது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னோடு சண்டைக்கு வரக்கூடாது.

2

முதல் தொடக்கம்: மூடுபனி மெல்ல விலகிக்கொண்டிருந்த அதிகாலையில், காட்டின் விளிம்பில் ஒரு வெள்ளை வேன் தயங்கித் தயங்கி—

[விட்டுவிட்டேன். மூடுபனி விலகி ஏற்கெனவே ஏகப்பட்ட கதைகள் ஆரம்பித்திருக்கின்றன. வேனும் எதற்காகத் தயங்க வேண்டும்? அதற்கு டீசல் போட்டிருக்கிறது.]

இரண்டாவது தொடக்கம்: கரடிக்கு மோப்பம் அதிகம், பார்வை குறைவு. ஆகவே அது—

[இதுவும் வேண்டாம். பாடப்புத்தக வாடை அடிக்கிறது. ஆனால் 'பார்வை குறைவு' என்று எழுதியதும் கை நின்றது. கரடியைப் பற்றி எழுதியது, வேறு யாரைப் பற்றியோ எழுதியதுபோல இருந்தது.]

மூன்றாவது தொடக்கம்: அந்த வேனில் கைடுக்கு இருக்கை கிடையாது. டிரைவருக்குப் பக்கத்தில், கதவை ஒட்டி ஒரு படி உண்டு. அந்தப் படியில், முன்கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பயணிகளைப் பார்த்தபடி அவள் நிற்பாள். ஊருக்கெல்லாம் காட்டைக் காட்டுகிறவள், காட்டுக்கு முதுகு காட்டி நிற்கிறாள்.

இது நகர்ந்தது. இதைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

(ஒரு சின்னக் குறிப்பு. முதல் பிரதியில் அவளை 'அவர்' என்றுதான் எழுதியிருந்தேன். வேனுக்குள் அது சரியாக இருந்தது. அவள் வீட்டுச் சமையலறைக்குள் நுழைய வேண்டி வந்தபோது 'அவர்' வாசலிலேயே நின்றுவிட்டார். அதனால் 'அவள்'.)

மற்ற கைடுகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் டார்ச். அவள் வேனில் ஏறினால் மிருகம் தட்டுப்படாமல் இருக்காது என்று பெயர். வேறு வேன்களில் 'நேத்து இங்கதான் நின்னுச்சு' என்று சமாளித்துக்கொண்டிருக்கும்போது, அவள் மான், காட்டெருமை, கரடி என்று கையைக் காட்டிக்கொண்டே போவாள். முதுகுக்குப் பின்னாலும் கண் இருக்கிறது என்பார்கள். இருக்கத்தான் செய்தது. அந்தக் கண் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தது. டிரைவர் அவளுடைய கணவன்.

அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு. பிரேக்கை லேசாக ஒரு தட்டு தட்டினால் இடது பக்கம், இரண்டு தட்டு தட்டினால் வலது பக்கம். கால் கட்டைவிரலால் அவன் தட்டுகிற தட்டு, படியில் நிற்கிறவளின் பாதத்துக்கு மட்டும் கேட்கும். உடனே அவள் தலையைத் திருப்பி, கண்ணால் ஒருமுறை உறுதி செய்துகொண்டு, கையை நீட்டுவாள். யார் பேசி வைத்தது, எப்போது வைத்தது என்று இரண்டு பேருக்கும் நினைவில்லை. வருஷக்கணக்கில் ஓடி ஓடி அது ஏற்பாடு என்பதே மறந்து போயிற்று. வேன் என்றால் அப்படித்தான் பிரேக் போடும் என்று அவள் நினைக்க ஆரம்பித்திருந்தாள்.

எதிர்ப்பக்கம் திரும்பி நின்று நின்று அவளுக்கு வந்த இன்னொரு வியாதி, இடது வலது. தன் இடது கையைத் தூக்கிக்கொண்டு 'வலது பக்கம் பாருங்க' என்று சொல்லிப் பழகியவள். வீட்டிலும் 'வலது அலமாரில டார்ச் இருக்கு பாருங்க' என்பாள். அவன் பேசாமல் இடது அலமாரியைத் திறப்பான்.

3

இனிமேல்தான் எனக்குத் தர்மசங்கடமான இடம்.

கரடி இல்லாத இடத்தில் கரடியைக் காட்ட ஒரு கைடுக்கு என்ன காரணம் இருக்க முடியும்? வேண்டுமென்றே காது குத்துகிறாள் என்று வைத்துக்கொண்டால் கதை அப்போதே முடிந்துவிடும். ஆகவே அவளுக்குக் கண் சரியில்லை என்று வைத்தேன். ஒரு வாக்கியம் எழுதினேன், ஒரு பெண்ணின் பார்வை போயிற்று. ஒரு புதருக்கு விளக்கம் சொல்ல ஒருத்தியின் கண்ணைப் பிடுங்குவது கொஞ்சம் அதிகமில்லையா என்று பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து போனேன். திரும்பி வந்து பார்த்தபோது அவள் அந்த நோயோடு எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். எழுதினது எழுதினதுதான் என்பதுபோல.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு தாளில் வட்டம் போட்டு, நடுவில் பேனாவால் அழுத்திக் கறுப்பாக்கிக் காட்டினார். சுற்றிலும் தெரியும், நடுவில் தெரியாது, கண்ணாடி போட்டுச் சரிசெய்கிற விஷயம் இல்லை, மேலும் அதிகமாகாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். எதை நேராகப் பார்க்கிறாளோ அது கரைந்துவிடும். எதைப் பார்க்காமல் விடுகிறாளோ அது ஓரத்தில் இருக்கும்.

வீட்டுக்கு வந்து சமையலறையில் கணவனுக்கு அதை விளக்கினாள்.

"உங்களை நேராப் பாத்தா நீங்க இல்ல. ஃப்ரிட்ஜைப் பாத்தா நீங்க தெரியறீங்க."

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். அப்புறம் அவன் எழுந்து போய், வேலையே இல்லாமல் ஃப்ரிட்ஜைத் திறந்து மூடினான்.

சுற்றுலா ஆபீசில் அவள் சொல்லவில்லை. காட்டுக்குள் போக என்ன பிரச்சினை? பிரேக் தட்டு இருக்கிறது. என்ன மிருகம் என்பதை ஓரத்தில் தெரிகிற நிறத்தை வைத்துச் சொல்லிவிடலாம். அவள் கண்ணால் உறுதி செய்துகொள்வது ஒன்றுதான் நின்றுபோனது, வேறொன்றும் மாறவில்லை. ஆனால் அவனுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நீ சொல்லிடு, சொல்லிடு என்று தினமும் பல்லவி. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருநாள் காலை சட்டையைக்கூட மாட்டாமல் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நான் இன்னிக்கி வரல."

"என்ன விளையாடறீங்களா? வேன் கிளம்பற நேரம்."

"ஆபீசுக்கு லீவு சொல்லிட்டேன். வேற ஆள் வருவான். நீ அவங்ககிட்ட உள்ளதைச் சொல்லிட்டு வா. நாளைக்கே நான் வண்டி எடுக்கறேன்."

"சொன்னா என்னை வண்டியில ஏத்துவாங்களா? டிக்கெட் கிழிக்க உக்கார வைப்பாங்க."

"உக்காரேன். என்ன கேவலம்?"

"அந்தப் படியில நிக்கறப்பதான் நான் நானா இருக்கேன். உங்களுக்கு அது புரியாது, உங்களுக்கு ஸ்டியரிங் இருக்கு."

"நாளைக்கு யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா?"

"கரடியைக் காட்டறதுல யாருக்கு என்ன ஆகும்?" என்று கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

(அவன் செய்தது கொடுமையா, அக்கறையா என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டு வகையாகவும் எழுதிப் பார்த்தேன். வசனம் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.)

4

புது டிரைவர் மரியாதைக்காரன். வார்த்தைக்கு வார்த்தை 'மேடம்'. அவள் அவனிடம் பிரேக்கைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது என்றே அவளுக்குத் தோன்றவில்லை. மூச்சு விடுவது எப்படி என்று யாராவது புது ஆளுக்குச் சொல்லிக்கொடுப்பார்களா?

வேனில் பின்வரிசையில் என் அண்ணியும், தூங்குகிற அண்ணனும். நடுவில் ரிட்டயரான நண்பர்கள் சிலர், சிரிப்பும் கும்மாளமுமாக. முன்வரிசையில், ஜன்னலோரம், கல்யாணமாகிக் கொஞ்ச நாளே ஆன ஒரு பெண்ணும் அவள் புருஷனும். அந்தப் பெண்ணைப் பற்றி அண்ணி சொன்னது ஒரே வாக்கியம்தான்: "முன்னாடி ஒரு பொண்ணு எனக்குத் தெரியல தெரியலன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு, பாவம்." அந்தப் 'பாவம்'தான் எனக்குக் கிடைத்த நூல்.

காட்டுப் பாதையில் வேன் நுழைந்தது. சாலை மோசம். புது டிரைவர் ஒரு குழியைப் பார்த்துப் பிரேக்கைத் தட்டினான். அடுத்த குழிக்கு இன்னொருமுறை தட்டினான்.

கைடின் வாய் தானாகத் திறந்தது. "வலது பக்கம் பாருங்க! புதருக்குள்ள! கரடி! சத்தம் போடாதீங்க!"

வேன் நின்றது. அத்தனை தலையும் வலது பக்கம் திரும்பின.

"எங்க?"

"அந்தப் புதருக்கு நடுவுல. கறுப்பா."

"ஆமா... ஆமாமா! அதோ!"

"அட, எவ்ளோ பெருசு!"

"அசையுது பாருங்க."

போன்களெல்லாம் உயர்ந்தன. ஒருவர் காதைப் பார்த்தார். இன்னொருவர் மூக்கைப் பார்த்தார். மூன்றாமவர் அது பெண் கரடி என்றார். அவள் பூரித்துப்போனாள். கணவன் இல்லாமலே கரடி! இதை வீட்டுக்குப் போய் எப்படிச் சொல்லிக்காட்டப்போகிறோம் என்று வார்த்தைகளைக்கூட அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"எனக்குத் தெரியலையே" என்றது முன்வரிசைக் குரல்.

"நல்லாப் பாரு" என்றான் அவள் புருஷன்.

"நல்லாத்தாங்க பாக்கறேன். புதர்தான் இருக்கு."

"எல்லாருக்கும் தெரியறது உனக்கு மட்டும் எப்படித் தெரியாம போகும்?"

கைடு சிரித்தாள். "முதல்முதலாப் பாக்கறவங்களுக்குக் கண் பழகணும்மா. சாயங்காலத்துக்குள்ள பழகிடும்."

5

இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு மறுபடி அண்ணிக்குப் போன் போட்டேன்.

"அண்ணி, கரடியை முதல்ல நீங்க பாத்தீங்களா, இல்ல பக்கத்துல இருந்தவங்க 'அதோ'ன்னு சொன்னப்புறம் பாத்தீங்களா?"

குக்கர் விசில் அடித்தது. அண்ணி போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"அதெல்லாம் யாரு ஞாபகம் வெச்சுக்குவா? நீ என்னை வெச்சு ஏதாவது எழுதறியா?"

"சேச்சே."

இதைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தேன். 'தெரியுதா?' என்று கேட்டால் நாம் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறோமா? குழந்தை பிறந்த வீட்டில் 'மூக்கு அப்படியே அப்பா, பாத்தீங்களா?' என்று கேட்டால் 'ஆமாமா' என்கிறோம். புதுவீட்டுச் சுவரில் இன்ஜினியர் விரிசலைக் காட்டி 'இது விரிசலே இல்ல, வெறும் பூச்சு' என்றால் 'அட, ஆமா' என்கிறோம். இதில் ஏமாற்றே கிடையாது. தெரியவில்லை என்று சொன்னால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான் பயம். சொன்ன கையோடு கண்ணும் வாயோடு சேர்ந்துகொள்கிறது, காது தெரிய ஆரம்பித்துவிடுகிறது. என் அண்ணி பார்த்த காது அந்த வகையைச் சேர்ந்தது என்று என் யூகம். (தப்பாகவும் இருக்கலாம். கரடி நிஜமாகவே இருந்து, போன் எடுப்பதற்குள் நழுவியிருந்தால் இந்தக் கதை மொத்தமும் காற்றில் போகும். அந்த ஆபத்தோடுதான் மேற்கொண்டு எழுதுகிறேன்.)

6

அரண்மனை அவளுடைய கோட்டை. மிருகங்கள் நகரும், சுவர் நகராது. ஓவியக் கூடத்தில் எங்கே எத்தனை அடி எடுத்துவைத்தால் எந்தப் படம் வரும் என்பது கால்களுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டுகூடச் சொல்வாள். இப்போது ஏறக்குறைய அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

வேட்டைக்குப் போகும் ராஜாவின் படத்துக்கு முன்னால் நின்றாள். அவளுடைய சுற்றுலாவில் கைதட்டல் வாங்கும் இடம் அது. "ராஜாவோட குதிரையைப் பாருங்க. அதுக்கு எத்தனை கால்?" என்று கேட்டு, இடைவெளி விட்டு, "அஞ்சு!" என்றாள். "வரைஞ்சவர் ஒரு முன்னங்காலை வரைஞ்சார். பிடிக்கல. பக்கத்துல வேற மாதிரி வரைஞ்சார். பழசை அழிக்க மறந்துட்டார். எண்ணிப் பாருங்க."

"ஆமா, அஞ்சு!"

"கரெக்டா அஞ்சு இருக்கே!"

(இந்தக் குதிரையை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மேலே நானும் இரண்டு தொடக்கங்களை அழிக்காமல் விட்டிருக்கிறேன். குதிரை ஐந்து காலோடு ஓடுமா என்பது வேறு விஷயம்.)

"நாலுதானே இருக்கு?" என்றது அதே குரல்.

இந்தமுறை ரிட்டயரானவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். புருஷன் முகம் சுண்டியது. "உனக்கு என்னதான் பிரச்சினை?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். கைடும் விடவில்லை. "பாப்பா கணக்குல கொஞ்சம் வீக் போல" என்று ஒரு போடு போட்டாள். மறுபடி சிரிப்பு.

கூட்டம் அடுத்த கூடத்துக்கு நகர்ந்தது. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காவலர், தெரிந்தவர்தான், அவளைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இன்னும் அஞ்சு கால் கதையே சொல்லிட்டு இருக்கீங்க? அதைத்தான் அழிச்சுட்டாங்களே. சுவரைச் சரிபண்ண வந்தவங்க, தப்பா இருக்குன்னு பூசிவிட்டுட்டாங்க. நீங்க பாக்கலையா?"

"பாத்தேன், பாத்தேன்" என்றாள்.

குதிரையிடம் திரும்பிப் போனாள். நேராகப் பார்த்தாள், குதிரையே இல்லை. ராஜாவின் தலைக்கு மேலே பார்த்தாள், கீழே ஓரத்தில் கால்கள் கலங்கலாக வந்தன. எண்ண முடியவில்லை. விரலால் தொட்டு எண்ணலாமா என்று கையை நீட்டினாள். 'தொடாதீர்கள்' என்று அவளே தினமும் நூறு பேருக்குச் சொல்கிறவள், கையை மடக்கிக்கொண்டாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நாலு காலை ஐந்து என்றவர்கள், காலையில் எதைக் கரடி என்றார்கள்?

வெளியே வேன் நிழலில் புது டிரைவர் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, காலையில ரெண்டு தடவை பிரேக் போட்டீங்களே. என்ன பாத்துப் போட்டீங்க?"

"குழி மேடம். ரோடு படுமோசம்."

"அப்போ கரடி?"

"நல்லா பெரிய கரடி மேடம்."

"நீங்க பாத்தீங்களா?"

"எல்லாரும் சொன்னாங்களே. அப்புறம் நானும் பாத்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வெட்கம் பிடுங்கித் தின்றது. மொத்த வேனிலும் உள்ளதைச் சொன்னது ஒரே ஒரு பெண். அவளைத்தான் எல்லாருமாகச் சேர்ந்து கேலி செய்தோம், அதில் நம்முடைய கேலிதான் பெரிசு. கூப்பிட்டு 'நீ சொன்னதுதான்மா சரி' என்று சொல்லிவிடலாம். சொன்னால், ஏன் என்று கேட்பாள். அவள் சொல்லவில்லை.

7

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். குளக்கரை மரத்தில் நாரைக் கூடுகள். இது நிஜம், சத்தமே ஊரைக் கூட்டுகிறது. "கூட்டுல குஞ்சு தெரியுதா?" என்று வழக்கம்போலக் கேட்டாள்.

"தெரியுது, தெரியுது."

முன்வரிசையில் புருஷன் வாயைத் திறக்கக்கூட இல்லை. சும்மா மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

"தெரியுது" என்றாள் அந்தப் பெண்.

பில்லைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறவர் குரல் அது. புருஷன் தோள் தளர்ந்து சிரித்தான், அவள் கையில் ஒரு ஆப்பிள் துண்டை வைத்தான். குஞ்சு நிஜமாகவே தெரிந்ததா, சமாதானத்துக்குச் சொன்னாளா? காலையிலிருந்து அந்தக் குரல் ஒன்றை மட்டும் கைடு காதில் தனியாக வாங்கி வைத்திருந்தாள். இப்போது அதுவும் மற்ற குரல்களோடு சேர்ந்துவிட்டது. அவளுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

8

கடைசி இடம் ஆறு. மணல்திட்டில் இறங்கிக் கொஞ்சம் நடக்கலாம், தண்ணீருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கலாம். முதலைகள் உள்ள ஆறு. கரை காலியாக இருந்தால் மட்டும் இறக்குவார்கள். காலியா இல்லையா என்று சொல்ல வேண்டியது கைடு.

கணவன் ஓட்டும்போது, கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வேனை உருட்டிக்கொண்டே போவான். எல்லாம் சரி என்று பட்டால்தான் ஹேண்ட்பிரேக்கை இழுப்பான். அந்தக் 'கிர்ர்' சத்தம் கேட்டதும் அவள் கதவைத் திறப்பாள்.

புது டிரைவர் வேனை நிறுத்தினான். வண்டியை நிறுத்தினால் எந்த டிரைவரும் செய்வதைச் செய்தான். கிர்ர்.

அவள் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போனது. போய், அங்கேயே நின்றது.

மணலைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாமல் வேறென்ன இருக்கும், நேராகப் பார்த்தால் எதுவுமே இல்லை. தூரத்து மரத்தைப் பார்த்தாள். பார்வையின் ஓரத்தில், தண்ணீருக்குப் பக்கத்தில், நீளநீளமாக என்னவோ கிடந்தது. வெள்ளத்தில் வந்து ஒதுங்கிய கட்டைகள் அங்கே எப்போதும் கிடக்கும். கட்டையாகத்தான் இருக்க வேண்டும். கட்டைதானா?

"என்ன மேடம், திறங்க. கால் மரத்துப்போச்சு."

"நாங்க பாத்துட்டோம், ஒண்ணும் இல்ல. காலியாத்தான் இருக்கு."

காலையிலிருந்து அவள் காட்டியது எல்லாமே 'இருக்கிறது' வகை. இருக்கிறது என்று சொல்ல வாய் போதும். இல்லாத கரடி யாரையும் பிறாண்டாது. இப்போது முதல்முறையாக 'இல்லை' என்று சொல்ல வேண்டியிருந்தது. அதற்குக் கண் வேண்டும். யாரிடமாவது கடன் வாங்கலாம் என்றால், வேன் முழுக்கக் கரடியைப் பார்த்த கண்கள். கட்டை என்று அவள் சொன்னால் கட்டை என்பார்கள், முதலை என்று சொன்னால் பல்லை எண்ணுவார்கள்.

9

அண்ணிக்குக் கடைசியாக ஒரு போன்.

"ஆத்துல இறங்கினீங்களா அண்ணி?"

"எங்க இறங்கறது? உங்க அண்ணனை எழுப்பிக்கிட்டு இருந்தேன். முன்னாடி அந்த கைடு என்னவோ ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தாங்க. எனக்குக் கேக்கல."

ஆக, என்ன பேசினாள் என்பது என் தலையில் விழுந்தது.

முதல் முடிவு: "மேல அணை திறந்துட்டாங்களாம், இன்னிக்கி இறங்க முடியாது" என்கிறாள். எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே வீடு திரும்புகிறார்கள். கணவன் கேட்கிறான், அவள் 'நல்லாப் போச்சு' என்கிறாள். நாளைக்கு மறுபடி படி, மறுபடி கரடி. இதை எழுத எனக்குக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் இதைத்தான் செய்திருப்பேன், அதனால் எனக்கு இது பிடிக்கவில்லை.

இரண்டாவது முடிவு: கதவைத் திறக்கிறாள். எல்லாரும் இறங்குகிறார்கள். கட்டைகளில் ஒன்று மெல்ல—

[முடியாது. என் அண்ணி இருக்கிற வேன் அது.]

மூன்றாவது முடிவில் கணவன் பைக்கில் பறந்து வருகிறான். அதைப் படித்துவிட்டு நானே சிரித்துவிட்டேன், கிழித்தாயிற்று.

மிச்சம் இருந்தது அவள் வாயிலிருந்தே வந்தது. கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டு அவள் சொன்னாள்:

"யாரும் இறங்க வேண்டாம். கொஞ்சம் நான் சொல்றதைக் கேளுங்க. எனக்குக் கண் தெரியல. நேராப் பாக்கறது எதுவும் தெரியாது. காலையில அங்க கரடி இல்ல. டிரைவர் குழிக்குப் பிரேக் போட்டார், நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அந்தக் குதிரைக்கும் நாலு கால்தான்."

நடுவரிசையில் போன்கள் வெளியே வந்தன, காலைப் படத்தைப் பெரிதாக்கினார்கள்.

"இல்லம்மா, நான் கரடியைப் பாத்தேனே" என்றார் ரிட்டயரானவர்களில் ஒருவர், ரொம்பப் பரிதாபமாக.

"இல்லைங்க" என்றாள். "இதை ஆபீஸ்ல நீங்களே சொல்லிடுங்க. இல்லாட்டி நானே சொல்றேன். இனி இந்தப் படியில நான் நிக்க மாட்டேன்."

அப்புறம் முன்வரிசைக்குக் குனிந்தாள். அந்தப் பெண்ணின் முகம் தெரிய வேண்டும் என்பதற்காக, பக்கத்திலிருந்த புருஷனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசினாள். அவன் மிரண்டு போனான்.

"காலையில உன்னை நான் கேலி பண்ணிட்டேன்மா. தப்பு என்னுதுதான். இப்போ எனக்காக அந்தக் கரையைப் பாத்துச் சொல்லு. நான் எதுவும் சொல்ல மாட்டேன். அங்க என்ன இருக்கு?"

அந்தப் பெண் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்துப் பார்க்க ஆரம்பித்தாள்.

இந்த இடத்தில் அவள் பதிலை நான் எழுதியாக வேண்டும். 'வெறும் கட்டைங்க' என்று எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது. அடித்துவிட்டு 'அது அசையுது' என்று எழுதினேன். அதுவும் நன்றாக இருந்தது. இரண்டையும் படித்துப் பார்த்தபோது அவள் புருஷன் பேசுவதுபோல இருந்தது. காலையிலிருந்து அந்தப் பெண்ணிடம் எல்லாரும் செய்ததைத்தான் நானும் செய்கிறேன், இதைப் பார், இதைச் சொல் என்று. ஆகவே பேனாவை வைத்துவிட்டேன். கரையில் என்ன இருக்கிறது என்று இதை எழுதுகிற எனக்கே தெரியாது. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்பதை அவளிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கு ஒன்று தோன்றினால் தயவுசெய்து அவள் காதில் போட்டுவிடாதீர்கள்.

பின்னால் பொறுமை போயிற்று. யாரோ வாட்சைப் பார்த்தார்கள். யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

"சொல்லேன், எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்கல்ல" என்றான் புருஷன்.

"இருங்க" என்றாள் அவள், தலையைத் திருப்பாமல். "இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."